டீசல் ஜீப்புக்கு எந்த ஃபோர் வீல்? ஒரு மலையோரக் கணக்கு

கடையாலுமூட்டிலிருந்து எங்கள் ரப்பர் விளைக்குப் போகும் வழி நான்கு கிலோமீட்டர்தான். முதலில் தார். பிறகு சிமெண்டுச் சாலை. அது முடிந்ததும் செம்மண் தடம். நடுவில் ஓர் ஓடை. ஓடையைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றத்தில் மறுபடி சிமெண்டுப் பாளம். அதற்கு மேலே பாறையும் ரப்பர் வேரும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் கன்னியாகுமரி மாவட்டம் இது. செம்மண் தடம் காய்ந்து கிடக்கும் மாதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த வழியை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். கீழே வரும் கணக்கெல்லாம் இதன்மேல்தான் ஓடுகிறது.

மாமனார் வைத்திருந்த பெட்ரோல் ஜீப், 2017 ஒக்கிப் புயலில் ரப்பர் மரம் விழுந்து கூரை நசுங்கியதிலிருந்து ஷெட்டில் நின்றது. அடிச்சட்டமும், ஆக்சில்களைப் பொதிந்த ஹவுசிங்குகளும் நன்றாகவே இருந்தன. பெட்ரோல் இன்ஜின்தான் கட்டுப்படியாகாது. மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்த மச்சினன் அதில் டீசல் இன்ஜின் ஏற்ற வேண்டும் என்றான். அதுவரை எனக்கும் சம்மதம். அடுத்ததாக அவன் சொன்னதில்தான் தகராறு தொடங்கியது.

"அத்தான், இன்ஜினோடு சேர்த்து முழுநேர ஃபோர் வீலாகவும் மாற்றிவிடுவோம். ஓமனில் நான் ஓட்டிய லேண்ட் குரூசரில் லீவரைத் தொட்டதே கிடையாது. மணல், மலை, ஹைவே எல்லாம் ஒன்றுதான்."

அவன் சும்மா சொல்லவில்லை. பழைய லேண்ட் ரோவர் ஒன்றிலிருந்து கழற்றிய எல்டி 230 டிரான்ஸ்ஃபர் கேஸை (கியர்பாக்ஸிலிருந்து வரும் பலத்தை முன், பின் ஆக்சில்களுக்கு அனுப்பும் பெட்டி) எங்கிருந்தோ விலை பேசி, வாங்கியே வந்துவிட்டான். நானோ பதினைந்து வருடமாக டீசல் ஏற்றிய மாருதி ஜிப்சி ஓட்டுகிறவன். அது பகுதிநேரம். பெயரைக் கேட்டால் வேலைவாய்ப்பு விளம்பரம் போலத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள், பட்டறையிலும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

வித்தியாசம் வளைவில்தான் தெரியும். வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சின்ன வட்டத்திலும் போகின்றன. பகுதிநேர வண்டியில் சாதாரணமாகப் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். லீவரைப் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளைப் போல ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. முறுக்கு ஷாஃப்டுகளுக்குள்ளேயே ஏறிக்கொண்டு போகும், ஸ்டியரிங் கனக்கும், லீவரை எடுக்கப் பார்த்தால் வராது. சில அடி பின்னால் எடுத்தால் 'டக்'கென்று விடும். விடாவிட்டால் ஷாஃப்ட் மூட்டிலுள்ள கிராஸோ கியர் பல்லோ போகும்.

முழுநேர வண்டியில் முன், பின் ஆக்சில்களில் உள்ளவை போக, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ளேயே மூன்றாவதாக ஒரு டிஃபரன்ஷியல் இருக்கிறது. முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழல அது இடம் கொடுக்கும். அதனால் தாரில் நான்கு சக்கரமும் இழுத்தாலும் முறுக்கு ஏறாது. ஆனால் ஒரே ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் இழுவை முழுவதும் அதன் வழியாக ஓடிவிடும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும். அதற்காகத்தான் நடு டிஃபரன்ஷியலைப் பூட்ட ஒரு லீவர் வைத்திருக்கிறார்கள். மச்சினன் அதைத் தொட்டதே கிடையாது என்று பெருமையாகச் சொன்னானே, அவனுக்கு நல்ல மணல் வாய்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்ஜின் மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை சட்டத்தைப் பற்றி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பதிவுச் சான்றில் பெட்ரோல் என்றிருக்க, பானெட்டுக்குள் டீசல் இன்ஜின் உறுமினால், விபத்து நடந்த அன்று காப்பீட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். என் ஜிப்சிக்கு அனுமதி வாங்கியது அந்தத் தீர்ப்புக்கு வெகு காலம் முன்பு. இப்போது ஜீப்புக்கு மனு கொடுத்து, எழுத்தில் பதில் வந்த பிறகுதான் இன்ஜினுக்கு முன்பணம் கொடுத்தோம். வரிசையை மாற்றிச் செய்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

பின் ஹவுசிங் தாங்குமா?

ஃபோர் வீல் பற்றிப் பேசுகிறவர்கள் சேற்றைப் பற்றியே பேசுவார்கள். டீசல் மாற்றிய வண்டியில் முதலில் கேட்க வேண்டியது வேறு: புது இன்ஜினின் டார்க்கை, அதாவது முறுக்கு விசையை, எந்த ஹவுசிங் சுமக்கப்போகிறது? பகுதிநேர வண்டியில் தாரில் ஓடும்போது மொத்தமும் பின் ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பற்சக்கரங்களின் தலையில்தான். முழுநேரத்தில், எல்டி 230 போன்ற டிரான்ஸ்ஃபர் கேஸில், பாதி முன்னால் போய்விடும். மச்சினன் கட்சியின் மிக வலுவான வாதம் இதுதான். அவனுக்கு இது தெரியாது; நான்தான் அவனுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

என் ஜிப்சியையே கணக்குப் போடுகிறேன். ஜிப்சி கிங்கின் 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் சுமார் 103 நியூட்டன் மீட்டர் டார்க் தரும், அதுவும் நிமிடத்துக்கு 4,500 சுற்றில். அதே 1.3 லிட்டர் அளவுள்ள மல்ட்டிஜெட் டீசல் 2,000 சுற்றிலேயே 190 தருகிறது. ஜிப்சியின் டிரான்ஸ்ஃபர் கேஸில் சாதாரண ஓட்டத்துக்கான ஹை கியர் விகிதம் 1.409, மெதுவாக, பலமாக இழுப்பதற்கான லோ கியர் 2.268. பெட்ரோல் இன்ஜினை லோவில் போட்டால் 103-ஐ 2.268-ஆல் பெருக்க வேண்டும்: சுமார் 234. டீசலை ஹையிலேயே விட்டால் 190 பெருக்கல் 1.409: சுமார் 268.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜிப்சியில் நான்கு சக்கரத்தையும் இணைக்காமல் லோ கியர் போட முடியாது; தயாரித்தவர்கள் லீவரை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பழைய ஜீப்பிலும் முன்பக்கத்தைப் பூட்டாமல் லோ விழாது. லோ கியரின் பலத்தைப் பின் ஹவுசிங் மட்டும் தனியாகச் சுமக்கக்கூடாது என்பது அதற்கு ஒரு பெரிய காரணம். டீசல் ஏற்றிய பிறகோ, பெட்ரோல் லோவில் இரண்டு ஹவுசிங்கும் பங்குபோட்ட சுமையைவிட அதிகமான சுமையைச் சாதாரண டூ வீலில் பின் ஹவுசிங் ஒன்றே வாங்குகிறது. என் வண்டியில் பின் பினியன் ஒரு முறை போனதற்கு நான் வெகுநாள் எண்ணெயைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதில் இன்னொரு நுணுக்கம். சேற்றில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஆக்சில் உடையாது. சுற்றுகிற சக்கரம் திடீரென்று பாறையையோ சிமெண்டுப் பாளத்தையோ பிடிக்கும் நொடியில் உடையும். எங்கள் ஓடையைத் தாண்டியதும் இருப்பது அப்படிப்பட்ட இடம். டீசல் இன்ஜினின் கனத்த ஃப்ளைவீல் அந்த நொடியில் சும்மா இருக்காது, தன்னிடம் உள்ள சுழற்சியையும் சேர்த்து அடிக்கும்.

லேண்ட் ரோவர்காரர்களே இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். 1970-இல் ரேஞ்ச் ரோவரை 3.5 லிட்டர் வி8 இன்ஜினோடு கொண்டுவந்தபோது அதை முழுநேர ஃபோர் வீலாகச் செய்தார்கள். அந்த இன்ஜினின் பலத்தைப் பின் ஆக்சிலிடம் மட்டும் கொடுக்காமல் இரண்டுக்கும் பங்கிட்டார்கள். 1979-இல் அதே வி8-ஐப் பழைய சீரிஸ் லேண்ட் ரோவர் உடம்பில் ஏற்றி 'ஸ்டேஜ் ஒன்' என்று விற்றபோது, அதுவரை பகுதிநேரமாக இருந்த வண்டியை அதற்காக முழுநேரமாக மாற்றினார்கள். பழைய அடிச்சட்டத்தில் பெரிய இன்ஜின் ஏற்றுவதுதானே நாமும் செய்வது?

இவ்வளவு சொன்ன பிறகு மச்சினன் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். டீசல் என்றாலே டார்க் இரட்டிப்பு என்பது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. ஜீப்பில் வந்த 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின் காகிதத்தில் சுமார் 155 நியூட்டன் மீட்டர் தருவது. பின்னாளில் மகிந்திரா ஜீப்புகளில் வந்த 2.1 லிட்டர் பியூஜோ டீசல் சுமார் 120-தான் தரும், பெட்ரோலைவிடக் குறைவு! மகிந்திராவின் பொலேரோவிலும் முதல் 'தார்' ஜீப்பிலும் வந்த 2.5 லிட்டர் டிஐ இன்ஜின் 1,500 சுற்றில் சுமார் 180. ஹரிக்கேனோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்குதான் கூடுதல். ஜீப்பின் ஹவுசிங் அதைச் சுமந்துகொண்டு மலை ஏறும். ஜிப்சிக்கு இருக்கும் கவலை ஜீப்புக்கு இல்லை. ஆகவே 'டீசல் மாற்றினால் முழுநேரம் நல்லது' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்கிறவரிடம், எந்த வண்டியில் எந்த இன்ஜின் என்று கேளுங்கள்.

முன் ஆக்சிலின் முனை

ஜீப்பை முழுநேரமாக்கும் திட்டம் உண்மையில் முறிந்தது மார்த்தாண்டத்தில் ஒரு பட்டறையில். அங்கே இருக்கும் பெரியவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். முப்பது வருடமாக ஜீப் ஹவுசிங் பிரித்து மாட்டுகிறவர். மச்சினன் எல்டி 230-ஐ இறக்கி வைத்ததும் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், ஜீப்பின் முன்சக்கரத்துக்கு அருகே குனிந்தார்.

"இங்கே என்ன ஜாயிண்ட் இருக்கிறது, தம்பி?"

ஒற்றைக் கிராஸ். பழைய ஜீப்புகளில் முன் ஆக்சில் முனையில் பல வகை ஜாயிண்டுகள் வந்திருக்கின்றன, எங்களுடையதில் கிராஸ். இந்த ஜாயிண்ட் நேராக இருக்கும்போது பிரச்சினை இல்லை. சக்கரத்தைத் திருப்பியதும், ஷாஃப்ட் ஒரே சீராகச் சுழன்றாலும் அதற்கு அப்பால் உள்ள சக்கரம் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகமெடுத்து இரண்டு முறை தயங்கும். மண்ணில் இது கைக்குத் தெரியாது. தாரில், கொண்டை ஊசி வளைவில், இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங் உதறும். முழுநேர வண்டி தாரிலும் முன்சக்கரத்தால் இழுப்பது. ஆகவே திரும்பினாலும் வேகம் மாறாத சிவி ஜாயிண்ட் அதற்குக் கட்டாயம். ஸ்டேஜ் ஒன் லேண்ட் ரோவருக்கும் அவர்கள் முன்பக்கம் சிவி ஜாயிண்ட் போட்டுத்தான் வெளியே விட்டார்கள்.

அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸ் மட்டும் மாற்றினால் போதாது. முன் ஹவுசிங் மாற வேண்டும். அது மாறினால் பின்னாலும் அதே கிரவுன் விகிதம் வேண்டும், இல்லாவிட்டால் நடு டிஃபரன்ஷியல் நேர்ச்சாலையிலும் ஓயாமல் சுற்றித் தேயும். இரண்டு ஹவுசிங்கும் மாறினால் ஷாஃப்ட் நீளம், ஸ்பிரிங் இருக்கை, பிரேக் எல்லாம் மாறும். கடைசியில் ஜீப்பில் மிஞ்சுவது மாமனாரின் இருக்கையும் நம்பர் பிளேட்டும்தான். நம்பர் பிளேட்டும் மிஞ்சுமா என்பதைப் பதிவு அலுவலகம் சொல்ல வேண்டும்.

ஜிப்சியில் முன்பக்கம் சிவி ஜாயிண்ட் ஏற்கெனவே உண்டு. வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பொருந்தும் முழுநேர டிரான்ஸ்ஃபர் கேஸ் நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பதில்லை.

ஏறும்போது காலி, இறங்கும்போது பாரம்

சாலைக்கு வருகிறேன். விளைக்கு வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்: மேலே போகும்போது வண்டி காலி. கீழே வரும்போது ரப்பர் ஷீட்டோ, ரப்பர் பால் கேனோ, வாழைக்குலையோ, மரமலை, பாலமோர் பக்கம் என்றால் கிராம்புச் சாக்கோ இருக்கும். சமவெளிக்காரர்களின் கணக்கு இதற்கு உதவாது.

டீசல் இன்ஜின் பெட்ரோலைவிடக் கனம். அந்தக் கனம் முழுவதும் முன் ஆக்சில் மேல் உட்கார்கிறது. காலியாக ஏறும்போது பின்பக்கம் லேசாகக் கிடக்கும். பகுதிநேர வண்டியின் டூ வீல் இழுவை அந்த லேசான பின்சக்கரங்களில்தான். ஈரச் செம்மண்ணில் அது உடனே சுற்றத் தொடங்கும். பெட்ரோலாக இருந்தபோது என் ஜிப்சி டூ வீலிலேயே ஏறிய ஒரு திருப்பத்தில், டீசலான பிறகு லீவர் போடாமல் ஏறியதில்லை. முன்னால் பாரமும் பின்னால் பலமும் என்று இரண்டும் எதிரெதிராகப் போய்விட்டன. இந்த வகையில் முழுநேரத்துக்கு ஒரு மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம்.

இறங்கும்போது கதை வேறு. டூ வீலில் இறங்கினால் இன்ஜின் பிரேக் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும். டீசலின் இழுத்துப் பிடிக்கும் குணம் முதல் கியரில் பலமானது. ஈர மண்ணில் பின்சக்கரம் நின்று வழுக்கினால் வண்டியின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். நான்கு சக்கரமும் பிடிக்க வேண்டும், லோ கியரும் வேண்டும். இதில் இரண்டு முறையும் சமம்: பகுதிநேரத்தில் லீவரைப் போட்டு லோவில் இறங்குகிறீர்கள், முழுநேரத்தில் நடுவைப் பூட்டி லோவில் இறங்குகிறீர்கள். எல்டி 230-இன் லோ விகிதம் 3.32, ஜிப்சியைவிட நிதானமாக இறக்கும் என்பது உண்மை. ஆனால் அது அந்தப் பெட்டியின் குணம், முழுநேரத்தின் குணமல்ல.

பிறகு அந்த மாறி மாறி வரும் தரை. தார், சிமெண்டு, மண், ஓடை, சிமெண்டு, பாறை. பகுதிநேர வண்டி ஓட்டுகிறவன் ஓடைக்கு முன்னால் லீவர் போட்டால், அதற்கு அடுத்த சிமெண்டு ஏற்றத்தில் எடுத்திருக்க வேண்டும்; எடுத்தால் அதற்கு மேலே மறுபடி போட வேண்டும். யாரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. அந்த ஏற்றம் நேரானது, வளைவு இல்லை, அதனால் தப்பிக்கிறேன். ஆறுகாணி, பத்துகாணிப் பக்கம் வளைந்து வளைந்து ஏறும் சிமெண்டுத் தடங்களில் இதே சோம்பலைக் காட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் மாதக் கணக்கில் கூட நிற்காது. அப்படிப்பட்ட வழியில் தினமும் போகிறவருக்கு, அதுவும் தானே ஓட்டாமல் டிரைவரிடம் கொடுக்கிறவருக்கு, முழுநேரம்தான் நிம்மதி.

மச்சினனிடம் இதை ஒப்புக்கொண்டேன். அவன் சிரித்தான். ஆனால் எங்கள் வழியில் அப்படிப்பட்ட வளைவு இரண்டே இரண்டுதான்.

எண்ணெயும் துருவும்

டீசல் மாற்றுவதே செலவைக் குறைக்க. முன் ஹவுசிங்கை எந்நேரமும் சுழற்றுவது அந்த மிச்சத்தைத் தின்றுவிடாதா என்று கேட்பார்கள். அமெரிக்காவில் 1970-களில் பெரிய பிக்கப் வண்டிகளில் என்பி 203 என்ற முழுநேர டிரான்ஸ்ஃபர் கேஸ் வந்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியபின், நடு டிஃபரன்ஷியலைக் கழற்றிவிட்டுப் பகுதிநேரமாக்கும் கிட்டுகளுக்கு அங்கே நல்ல சந்தை உண்டாயிற்று. அந்தக் கிட்டோடு, முன்சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டவும் அதிலிருந்து விடுவிக்கவும் உதவும் ஹப் லாக்கும் போடுவார்கள். லேண்ட் குரூசர் 80 சீரிஸுக்கும் இப்படிக் கிட்டுகள் வந்தன. கிட் போட்ட வண்டியில் பிறகு பெரிய டீசலையும் ஏற்றுகிறவர், மேலே நான் சொன்ன பின் ஹவுசிங் கணக்குக்குத் தானாகவே திரும்பி வருகிறார் என்பதைக் கிட் விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள்.

மிச்சம் எவ்வளவு? என் ஜிப்சியில் ஹப்பைப் பூட்டி முன்பக்கம் வெறுமனே சுழலும்படி ஒரு மாதமும், ஹப்பைத் திறந்துவிட்டு ஒரு மாதமும், தொட்டி நிரம்ப நிரம்ப எழுதி வைத்துப் பார்த்தேன். லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர்கூட வேறுபடவில்லை. முழுநேர வண்டியில் இழப்பு இதைவிடச் சற்றுக் கூடும், ஏனென்றால் முன்பக்கம் பாரத்தோடு சுழல்கிறது. எப்படியானாலும் டயரில் காற்று குறைந்திருந்தால் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் பெரிதல்ல. எரிபொருளை வைத்து இந்த முடிவை எடுக்காதீர்கள்.

ஹப் லாக்கில் உண்மையான லாபம் தேய்மானத்தில்தான், அதிலும் ஒரு பொறி இருக்கிறது. திறந்தே கிடந்தால் முன் ஷாஃப்ட் சுழலாது, எண்ணெய் மேலே தெறிக்காது, சீல் காய்ந்து போகும். மாதத்தில் ஒரு நாளாவது பூட்டிச் சில கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மண் பாதையில் லீவரையும் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த ஒன்றை எல்லோரும் மறப்பார்கள். ஆண்டுக்கணக்கில் தொடாத ஹப்பை, மழை கொட்டும்போது ஓடைக்கு நடுவே இறங்கிக் கையால் திருகிப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. திரும்பவில்லை. அன்று வண்டி வெளியே வந்தது ஒரு டிராக்டரின் தயவில்.

கடற்கரைக்காரர்களுக்கு இது இன்னும் கடுமை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மணலில் வள்ளம் இழுக்கவோ, வலைச் சுமை ஏற்றவோ ஜீப்பை இறக்குகிறவர்கள் உண்டு. உப்புக் காற்றில் சும்மா கிடக்கும் உலோகம்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். முழுநேர வண்டியில் முன்பக்கம் ஓயாமல் சுழல்வதால் எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கும். வள்ளம் இழுக்கும் வேலை எல்லாம் மணலில்தான், தாரில் முறுக்கு ஏறும் பயம் இல்லை. அந்த வேலைக்குப் பகுதிநேரமே போதும். ஆனால் கடலோரத்தில் பகுதிநேரம் வைத்திருக்கிறவர் ஹப் லாக்கே வேண்டாம் என்று முடிவு செய்தால் நான் மறுக்கமாட்டேன். முன்பக்கம் சுழன்றுவிட்டுப் போகட்டும்.

மீதிச் சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டீசல் இன்ஜின் சீக்கிரமே சுற்று உச்சத்தை எட்டிவிடும் என்பதால், பெட்ரோலுக்கு அமைத்த கியரில் தேசிய நெடுஞ்சாலையில் வண்டி அலறும். பகுதிநேர ஜீப்பில் இதைச் சரிசெய்ய முன்னும் பின்னும் இரண்டு கிரவுன் பினியனும் ஒன்றாக மாற்ற வேண்டும். எல்டி 230-இல் ஹை கியர் விகிதமே பல வகையில் வந்திருக்கிறது, லேண்ட் ரோவரின் டிஃபண்டரில் 1.41, டிஸ்கவரியில் 1.22. அந்த ஒரு ஜோடியை மாற்றினால் போதும். இது எனக்குப் பொறாமை தரும் வசதி.

நடுவழியில் ஷாஃப்ட் போனால்? பகுதிநேரத்தில் முன் ஷாஃப்ட் உடைந்தால் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்சக்கரத்தில் வீடு வரலாம். முழுநேரத்தில் எந்த ஷாஃப்ட் உடைந்தாலும் நடுவைப் பூட்டும்வரை வண்டி அசையாது, பூட்டியபின் வரலாம். பூட்டும் லீவர் ஆண்டுக்கணக்கில் தொடாமல் இறுகிப் போயிருந்தால் வர முடியாது. ஹப் லாக்கின் கதையேதான்.

கைப்பிரேக்கையும் கவனியுங்கள். லேண்ட் ரோவரிலும் பழைய ஜீப்பிலும் அது சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டில் இருக்கிறது. சரிவில் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் டிஃபரன்ஷியல் வழியாகப் பிடி நழுவி வண்டி நகர்ந்துவிடும். முழுநேர வண்டியிலும் நடு டிஃபரன்ஷியல் திறந்திருந்தால் முன்சக்கரங்களின் பிடி உதவிக்கு வராது. இரண்டு வண்டிக்கும் கட்டை போடாமல் ஜாக்கி வைக்காதீர்கள்.

யாருக்கு எது என்று கேட்டால் என் பதில் இது. முழுநேரமாகவே பிறந்த வண்டியில் டீசல் ஏற்றினால் அதை அப்படியே விடுங்கள். கிட் போட்டுப் பகுதிநேரமாக்கி, இருக்கும் நல்லதைக் கெடுக்காதீர்கள். பகுதிநேரமாகப் பிறந்த ஜீப்பை முழுநேரமாக்குவது, முன் ஜாயிண்ட் கிராஸாக இருக்கும்வரை, காசைக் கோதையாற்றில் விடுவது. ஜிப்சி போலச் சின்ன ஹவுசிங்கில் பெரிய டார்க் ஏற்றியவர் பகுதிநேரத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏற்றத்தில் டூ வீலில் கிளட்சைத் திடீரென்று விடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும், மண் தொடங்குவதற்கு முன்பே லீவரைப் போட்டுவிட வேண்டும். அங்கே லீவர் வழுக்கலுக்காக மட்டுமல்ல, பின் பினியனைக் காப்பாற்றவும்தான். கூலிக்கு டிரைவர் ஓட்டும் வண்டி, வளைவு நிறைந்த சிமெண்டுத் தடம், தினசரி ஓட்டம் என்று மூன்றும் சேர்ந்தால் மட்டும், இருப்பதை விற்றுவிட்டு முழுநேர வண்டியாகத் தேடுங்கள்.

மாமனாரின் ஜீப்பில் 2.5 லிட்டர் டிஐ இன்ஜின் ஏறிவிட்டது. டிரான்ஸ்ஃபர் கேஸ் பழையதே. ஆயில் சீலும் பேரிங்கும் மட்டும் புதிது. கனத்துக்காக முன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டினோம். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து டயரும் ஒரே அளவு, ஒரே வகை. ஹப் லாக்கைப் பூட்டி ஓட்டும் நாளை மாமியார் நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறார். ரப்பர் பால் கணக்கு எழுதும் அதே நாட்காட்டிதான்.

எல்டி 230-ஐ மச்சினன் விற்கவில்லை. சாக்கில் சுற்றி, ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தின் மூலையில் வைத்திருக்கிறான். களியல் பக்கம் யாரோ பழைய டிஃபண்டர் ஒன்றை விற்கப்போகிறார்களாம். போய்ப் பார்த்துவிட்டு வர என் ஜிப்சியின் சாவியைத்தான் கேட்கிறான்.